ஏலக்காய் ஒட்டிய வட்டம்

1999இல் எனக்குப் பத்து வயது. அந்த வருடத்திலும் அடுத்ததன் தொடக்கத்திலும் நடந்தவை, வரிசையாக:

1. சித்தப்பா எங்களோடு தங்க அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்தார்.
2. பள்ளியில் எனக்கு இந்தியா கிடைக்கவில்லை.
3. நானும் சித்தப்பாவும் சேர்ந்து உக்ரைனின் தெற்குக் கடலோரத்தில் இருக்கும் கெர்சோன் என்ற மாவட்டத்தை மைதா மாவில் செய்தோம்.
4. சித்தப்பா ஒரு கடிதம் எழுதினார். உறையின் மேல் முகவரியை நான் எழுதினேன்.
5. பதில் வரவில்லை.
6. சித்தப்பா ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இன்னொன்று நடந்திருக்கிறது. அது எனக்கு இருபத்து மூன்று வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் எண் போடாமல் விட்டிருக்கிறேன். அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

அந்த வருடங்களில் எங்கள் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் வளர்ந்த உங்களுக்கு எங்கள் வீட்டை விவரிக்கத் தேவையில்லை. நீங்களும் அதே வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். ஒரு படுக்கையறை, இழுத்தால் கட்டிலாகும் சோபா, ஜன்னலடியில் சீறிக்கொண்டே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், அதன் மேல் காயும் பனியன். அந்தச் சோபாவில் எப்போதும் யாராவது ஒருவர் "கான்ட்ராக்ட் கிடைக்கிற வரைக்கும்" தங்கியிருப்பார். எங்கள் வீட்டில் அது அப்பாவின் தம்பி.

இரண்டாயிரம் பிறந்தால் வங்கிக் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்த காலம் அது. வருடத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமாக மாற்ற ஆள் தேவைப்பட்டது. அப்பா ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தார். சித்தப்பா கோயம்புத்தூரில் மூன்று மாதம் படித்துவிட்டு அதே வேலைக்கு வந்தார். உண்மையில் அவர் படித்தது நீர்ப்பாசனப் பொறியியல். சோவியத் நாடு இருந்தபோது அவர்கள் கொடுத்த உதவித்தொகையில் கெர்சோனில் ஆறு வருடம் படித்தவர். படிப்பு முடிந்த வருடமே அந்த நாடு இல்லாமல் போயிற்று. கோபிச்செட்டிபாளையத்தில் அந்தச் சான்றிதழைப் பார்த்தவர்கள், "இந்த முத்திரைல இருக்கற நாடு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சித்தப்பா சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார்.

அக்டோபரில் எங்கள் வகுப்பு ஆசிரியை, குடும்பத்தோடு தொடர்புள்ள ஓர் இடத்தை உப்பு போட்டுப் பிசைந்த மாவில் செய்து கொண்டுவரச் சொன்னார். மலை, ஆறு, கடல், உட்பிரிவுகள் எல்லாம் தெரிய வேண்டும். ஒரு நாடு ஒருவருக்கு மட்டும். நான் கை தூக்குவதற்குள் குஜராத்திப் பையன் ஒருவன் இந்தியாவை எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"இந்தியாவ அவனே வெச்சுக்கட்டும் கண்ணு," என்றார் சித்தப்பா. "நாம யாருமே எடுக்காத ஊரு ஒண்ணு எடுக்கலாம்."

"அது நம்ம ஃபேமிலி பிளேஸ் இல்லையே சித்தப்பா."

அவர் பெட்டியைத் திறந்து, மடிப்புகளில் கிழிந்து பின்பக்கம் டேப் ஒட்டிய ஒரு வரைபடத்தை எடுத்தார். எழுத்துகள் எனக்குப் புரியவில்லை. "ஃபேமிலி பிளேஸ்தான்," என்றார்.

எட்டு நாள் செய்தோம். பீட்சா வந்த பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து அடித்தளம் ஆக்கினோம். மைதாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்து பரப்பினோம். த்னீப்பர் ஆறு வடகிழக்கிலிருந்து வந்து கருங்கடலில் விழுகிறது. வழியில் காக்கோவ்காவில் அணை, அதன் பின்னால் கடல் போல ஓர் ஏரி. அந்த ஏரியிலிருந்து தெற்கே ஓடும் வாய்க்காலுக்கு அம்மாவின் நீலக் கம்பளி நூல். ஆற்றின் கீழ்க்கரையில் மணல்காடு, அதற்கு ரவை. தென்கிழக்கில் அசோவ் கடல். அதற்கும் கிரிமியாத் தீபகற்பத்துக்கும் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு உப்புநீர் தேங்கிய காயல் ஒன்று; சிவாஷ் என்று பெயர். வெயில் காலத்தில் அது இளஞ்சிவப்பாகிவிடும் என்றார். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை ஊற்றினோம்.

"நாறுமா?"

"நாறும். அழுகின கடல்னுதான் அவங்களே பேரு வெச்சிருக்காங்க. ஆனா பழகிருச்சுன்னா அந்த நாத்தம் இல்லாம தூக்கம் வராது."

பிறகு உட்பிரிவுகள். சித்தப்பா அதை எனக்குப் புரியும்படி சொன்னார்: "கெர்சோன்ங்கறது நம்ம ஈரோடு மாவட்டம் மாதிரி. அதுக்குள்ள ராயோன் ராயோனா பிரிச்சிருப்பாங்க. ராயோன்னா வட்டம். கோபி வட்டம், பவானி வட்டம்னு சொல்றமல்ல, அந்த மாதிரி." மொத்தம் பதினெட்டு. ஆற்றுக்கு மேல்கரையில் ஐந்து, கீழ்க்கரையில் பதின்மூன்று. வரைபடத்தைப் பார்க்காமலே விரல் விட்டுச் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரு தானியத்தால் நிரப்புவது என்பது என் யோசனை. நான் பட்டியல் போட்டேன்: துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, பாசிப்பயறு, உளுந்து, கடுகு, வெந்தயம், மிளகு, சீரகம், கொள்ளு, எள்ளு, ராகி, கம்பு, கொத்தமல்லி, பட்டாணி, ராஜ்மா, கொண்டைக்கடலை, கசகசா. பதினேழில் அம்மாவின் அலமாரி தீர்ந்துவிட்டது.

கடைசியாக மிஞ்சியது சிவாஷ் கரையில் இருந்த நோவோத்ரோயித்ஸ்கே என்ற வட்டம். சித்தப்பா எழுந்து போய் ஏலக்காய் டப்பாவோடு வந்தார்.

"தம்பி, அது பாயாசத்துக்கு வெச்சிருக்கறது," என்றார் அம்மா.

"ஒரே ஒரு வட்டந்தானுங்க அண்ணி."

"ஏன், அந்த வட்டத்துல என்ன, மகாராணியா குடியிருக்காங்க?"

சித்தப்பா ஏலக்காயை உரித்தார். கருப்பு விதைகளை ஒன்றொன்றாகப் பசையில் பதித்தார். மற்ற பதினேழையும் நாங்கள் கை நிறைய அள்ளிக் கொட்டித்தான் ஒட்டினோம்.

"இங்க யாரு இருக்காங்க சித்தப்பா?"

"உனக்கு ஒரு அக்கா இருக்கா. உன்னவிட ஒரு வயசு பெரியவ."

"தமிழ் தெரியுமா?"

"தெரியாது. இங்கிலீஷும் தெரியாது."

"அப்ப நாங்க எப்படிப் பேசறது?"

"இந்த மேப்ப வெச்சுப் பேசுங்க," என்றார்.

குச்சியில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் செய்து, ஒவ்வொரு வட்டத்திலும் அதன் பெயரையும் பக்கத்தில் வட்டம் என்ற சொல்லையும் அவர்கள் எழுத்தில் எழுதினார். அந்த ஒரு சொல் பதினெட்டு முறை. பெயர்கள் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. அந்தச் சொல்லின் உருவம் மட்டும் மனதில் பதிந்துவிட்டது. எழுதிக்கொண்டே சொன்னார்: "அவ இருக்கற ஊரு பேரு நம்ம புதுப்பாளையம் மாதிரி. அதுவும் புதுசுன்னுதான் ஆரம்பிக்கும். திரும்பின பக்கமெல்லாம் அதே பேருல ஒரு ஊரு." நான் சிரித்தேன். எங்கள் பக்கம் புதுப்பாளையம் என்றால், எந்தப் புதுப்பாளையம் என்று கேட்காமல் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள்.

அந்த அக்காவின் அம்மா வாய்க்கால் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவள். சித்தப்பா படிக்கும்போது பழக்கம். வெளிநாட்டுக்காரரைப் பதிவுத் திருமணம் செய்ய ஊரிலிருந்து காகிதங்கள் வேண்டியிருந்தன. அவற்றை வாங்கச் சித்தப்பா கோபிக்கு வந்தார். அதற்குள் நாடு உடைந்தது, கையில் பணமில்லை, திரும்பப் போக முடியவில்லை. கொஞ்ச காலம் கடிதங்கள் போய் வந்தன. கடைசியாக வந்ததில், குழந்தையோடு தன் அம்மா ஊருக்குப் போய்விட்டதாக எழுதி, முகவரி கொடுத்திருந்தாள். அப்போது சித்தப்பாவுக்கு வேலையில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் நான்கு வருடம் எழுதாமலே இருந்துவிட்டார். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பிறகு அம்மா சொல்லித் துண்டு துண்டாகச் சேர்த்தது.

அமெரிக்காவில் சம்பளம் வர ஆரம்பித்ததும் சித்தப்பா எழுதினார். நவம்பர் முதல் வாரம். நான்கு பக்கம், இரண்டு பக்கமும். உறையை ஒட்டி, ஒரு துண்டுச் சீட்டோடு என்னிடம் கொடுத்தார். அந்த வாரம் வங்கியில் சோதனை ஓட்டம். விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு வருவார்.

"ஸ்கூல்ல கவர் எழுதச் சொல்லிக் குடுத்தாங்கன்னியே. உன் கையெழுத்துதான் நல்லாருக்கும். எழுதி அம்மாகிட்டக் குடு, தபாலாபீஸ்ல போட்டுருவாங்க."

உண்மைதான். உறை எழுதும் முறையை இரண்டு வாரம் முன்புதான் ஆசிரியை கற்றுக்கொடுத்திருந்தார். முதல் வரியில் பெயர், அடுத்ததில் வீட்டு எண்ணும் தெருவும், பிறகு ஊர், மாநிலம். மாநிலத்தின் உட்பிரிவான எங்கள் ஹட்சன் கவுண்டியையும் ஒருவன் எழுதிவிட்டான். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்து, கவுண்டி எல்லாம் தபால்காரருக்கு வேண்டாம், உறையில் எழுதக் கூடாது என்றார்.

சித்தப்பாவின் சீட்டில் ஆங்கில எழுத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. முதலில் நாடு, பிறகு மாவட்டம், பிறகு வட்டம், பிறகு ஊர், தெரு, வீட்டு எண், கடைசியில்தான் பெயர். அவர்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு உறை எழுதத் தெரியவில்லை என்று நினைத்தேன். திருத்தினேன். பெயரை மேலே கொண்டுவந்தேன், நாட்டைக் கீழே இறக்கினேன். மாவட்டத்தை மாநிலத்தின் இடத்தில் வைத்தேன். மிஞ்சிய வட்டம்தான் கவுண்டி என்று முடிவு செய்து விட்டுவிட்டேன். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, எழுதி, கோட்டை அழித்தேன். ஐந்து வரிகள், ஒன்றுகூடக் கோணவில்லை. பின்பக்கம் எங்கள் முகவரியையும் எழுதினேன்.

அம்மா வாங்கிப் பார்த்தார். "எனக்கு இந்த ஊர்ப் பேரெல்லாம் வாயிலயே நுழையல. அழகா இருக்கு சாமி," என்றார். மறுநாள் தபால் நிலையத்தில் போட்டோம். அந்தச் சீட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

தபால் பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் பித்தளைப் பெட்டிகளில் எங்களுடையதைத் திறப்பேன். நவம்பரில் ஒன்றும் வரவில்லை. டிசம்பரில் பீட்சா கூப்பன்கள், தொலைபேசி பில், யாருக்கோ வந்த கிறிஸ்துமஸ் அட்டை. சித்தப்பா வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இதற்குள் வரைபடம் பள்ளிக்குப் போயிருந்தது. ரேடியேட்டர் மேல் வைத்துக் காயவைத்ததில் ஆற்றோடு சேர்ந்து விரிசல் விட்டிருந்தது. பசை ஊற்றி மூடியிருந்தோம். முதல் பரிசு இந்தியாவுக்குப் போயிற்று. குளிர்கால விடுமுறை முடிந்து போனபோது என் வரைபடம் இல்லை. பருப்பில் பூச்சி வந்துவிட்டதாகவும் துப்புரவுக்காரர் எடுத்துப் போட்டுவிட்டதாகவும் ஆசிரியை மன்னிப்புக் கேட்டார். சித்தப்பாவிடம் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோபியிலிருந்த அப்பாருவிடம், அதாவது அப்பாவின் அப்பாவிடம், காலிங் கார்டு தேய்த்துப் பேசுவோம். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை.

"இன்னும் எத்தன நாள்டா?" என்றார் அப்பா ஒரு ஞாயிறு, போனை வைத்ததும்.

"பொங்கல் வரைக்கும் பாக்கறனுங்கண்ணா. பதில் வந்துட்டா நானே அப்பாகிட்டப் பேசறேன். கால்ல விழுந்தாவது ஒத்துக்க வைக்கறேன். அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருவேன்."

"வரலைன்னா?"

சித்தப்பா டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "நாலு வருஷம் நான் பேசாம இருந்தேன். இப்ப அவ பேசாம இருந்தா, அதுதான பதிலு."

"இன்னொரு கடுதாசி போடுங்களேன் தம்பி," என்றார் அம்மா.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க அண்ணி?"

இரண்டாயிரம் பிறந்தது. கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனவரி முதல் வாரத்தோடு கான்ட்ராக்ட் முடிந்தது. பொங்கலன்று அம்மா குக்கரில் பொங்கல் வைத்தார். ஏலக்காய் தட்டும்போது சித்தப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மறுநாள் நெவார்க் விமான நிலையத்தில் என் தலையைத் தடவி, "உன் மேப்ப பத்திரமா வெச்சுக்க கண்ணு," என்றார். சரி என்றேன்.

இனி, எண் போடாமல் விட்டது.

அப்பா பிற்காலத்தில் டெக்சாஸில் வீடு வாங்கினார். இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் இறந்தார். அவருடைய காகிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு வந்தது. அடுக்குவது என் பழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். கிரீன் கார்டு ஃபைலில், பழைய விசாக் காகிதங்களுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் பிரிக்கப்படாத ஒரு கடிதம். மேலே ஐந்து வரிகள், நேராக, என் பத்து வயதுக் கையெழுத்தில்.

அந்த ஐந்து வரிகளைச் சுற்றி அந்நிய எழுத்தில் குறிப்புகள். நீல மையில் ஒன்று, கறுப்பு மையில் ஒன்று, இரண்டு வெவ்வேறு ஊர்த் தபால் முத்திரைகள். யாரோ இரண்டு தபால்காரர்கள் தங்கள் ஊரில் தேடிப் பார்த்துவிட்டு இப்படி ஒருவர் இல்லை என்று எழுதியிருந்தார்கள்; இது பிறகு அந்த மொழி தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டது. ஆனால் மூன்றாவதாக, பென்சிலில், ஒரே ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. அதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டுக் கொடிகளில் பார்த்த சொல்.

வட்டம்?

பக்கத்தில், திரும்ப அனுப்பவும் என்ற முத்திரை.

அந்த மாவட்டத்தின் ஊர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதே பெயர் வேறு வேறு வட்டங்களில் இருந்தது. சித்தப்பா சொன்னதுதான். அந்தப் பென்சில்காரருக்கு இன்னும் ஒரு வரி கிடைத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் இருந்தது. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமானாலும், பில்லோ கல்யாணப் பத்திரிகையோ, அப்பா இடது மூலையில் சிறிதாகத் தேதி போடுவார். இதிலும் போட்டிருந்தார். ஜனவரி கடைசி வாரம். சித்தப்பா விமானம் ஏறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது. அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்திருப்பேன், அல்லது பள்ளியிலிருந்து வரத் தாமதமாகியிருக்கும். எப்படியோ பெட்டியை அப்பா திறந்திருக்கிறார். அந்த அக்காவின் அம்மா பேசாமல் இருக்கவில்லை, அவளுக்குக் கடிதமே போகவில்லை என்பது அந்த உறையைப் பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, அப்பாருவுக்கு நெஞ்சுவலி வேறு, இந்த நேரத்தில் எதற்கு என்று நினைத்திருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. கிழித்துப் போடவும் மனம் வராமல் இருபத்து மூன்று வருடம் கிரீன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

கோபிக்குப் போன் செய்தேன். சித்தப்பா தோட்டத்தில் மோட்டார் அறையில் இருந்தார். நான் உறையில் வட்டத்தை எழுதாமல் விட்டதையும் கடிதம் திரும்பி வந்ததையும் சொன்னேன். மோட்டார் சத்தம் நின்றது. அணைத்திருப்பார்.

"டீச்சர் சொன்னாங்கன்னு விட்டுட்டேனுங்க சித்தப்பா. மன்னிச்சுருங்க."

"பத்து வயசுக் கொழந்த. உனக்கென்ன தெரியும் கண்ணு. நாந்தான் ஒரு தடவ வாங்கிப் பாத்திருக்கோணும்."

"பிரிச்சுப் படிக்கட்டுங்களா?"

"வேண்டாம். எழுதினது எனக்குத் தெரியும்."

பிறகு, "எப்ப வந்துச்சாம்?" என்றார்.

"தெரியலைங்க சித்தப்பா."

"அண்ணன் மூலைல தேதி போட்டிருப்பாரே."

உறை என் மடியில்தான் இருந்தது.

"இல்லைங்க," என்றேன். "இதுல போடல."

"போடாம விடமாட்டாரே," என்றார் மெதுவாக. பிறகு, "சரி கண்ணு. சித்தி சாப்பிடக் கூப்புடறா," என்று வைத்துவிட்டார். அதன் பிறகு பலமுறை பேசிவிட்டோம். அவர் அதைக் கேட்டதில்லை.

இப்போது நிலைமை இது. கெர்சோனின் பதினெட்டு வட்டங்களைச் சில வருடங்களுக்கு முன் ஐந்தாகக் குறைத்துவிட்டார்கள். ஏலக்காய் ஒட்டிய வட்டம் இன்று தனியாக இல்லை. ஹெனிசெஸ்க் என்ற வட்டத்தோடு சேர்ந்துவிட்டது. போர் வந்த பிறகு ஆறுதான் எல்லைக்கோடு. அந்த ஊர் எதிர்க்கரையில், ரஷ்யப் படைகளின் பிடியில் இருக்கிறது. காக்கோவ்கா அணை உடைந்து, நாங்கள் நீலம் பூசிய ஏரி வற்றிவிட்டது. அக்காவுக்கு என்னைவிட ஒரு வயது கூட. இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஒரு புதிய உறையில் முகவரியை மறுபடி எழுதினேன். நாடு, மாவட்டம், வட்டம், ஊர், தெரு, வீட்டு எண், பெயர். ஏழு வரிகள். அந்தப் பகுதிக்குத் தபால் எடுப்பதில்லை என்று தபால் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு உறைகளும் என்னிடம் இருக்கின்றன.